வாசகர் கேள்வி – பதில்: கிணற்று நீருக்கு யார் கணக்கு வைப்பது?

நிலத்தடி நீரையும் வேளாண் பொருளாதாரத்தையும் பற்றிக் கொங்குப் பகுதியிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஆறு இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கிணறு அறுபது அடி. தாத்தா காலத்தில் மாடு பூட்டிக் கவலை ஓட்டி இறைத்த கிணறு அது. இப்போது கோடையில் அதில் தண்ணீர் இல்லை. கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளையிட்டு சைடு போர் போட்டும் பயன் இல்லாமல் போயிற்று. அடுத்த தோட்டத்தில் தொள்ளாயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு இறக்கியிருக்கிறார்கள். நான் மட்டும் சிக்கனமாகப் பாய்ச்சினால் மிஞ்சும் தண்ணீர் அவர் மோட்டாருக்குத்தானே போகும்? சிக்கனத்தால் எனக்கு என்ன பயன்? (பல்லடம்)

உங்கள் கேள்வியில் சலிப்பு தெரிகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. நிலத்தடி நீரைப் பற்றிப் பொருளாதாரம் சொல்லக்கூடிய முதன்மையான செய்தியை நீங்களே கேட்டுவிட்டீர்கள் என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே விடை எழுதுகிறேன்.

ஒரு விவசாயி மோட்டாரை ஓட்டும்போது மூன்று வகைச் செலவுகள் உண்டாகின்றன. நீரை மேலே ஏற்றுவதற்கான மின்சாரமும் மோட்டாரின் தேய்மானமும் முதல் வகை. நீர்மட்டம் இறங்குவதால் பக்கத்துக் கிணற்றுக்காரர் இன்னும் ஆழத்திலிருந்து இறைக்க வேண்டியிருப்பது இரண்டாம் வகை. இன்று எடுத்த நீர் அடுத்த கோடைக்கு இல்லாமல் போவது மூன்றாம் வகை. இவற்றுள் முதல் வகை மட்டுமே இறைப்பவரின் கணக்கில் ஏறுகிறது. அதிலும் பெரும்பகுதியான மின்கட்டணம் தமிழ்நாட்டில் அவரிடம் கேட்கப்படுவதில்லை. மற்ற இரண்டையும் ஊர் முழுவதும் சேர்ந்து சுமக்கிறது. இவ்வாறு ஒருவர் செயலின் செலவு பிறர் தலையில் விழுவதைப் பொருளியலில் புறவிளைவு என்கிறார்கள்.

உங்கள் அண்டை வீட்டார் தொள்ளாயிரம் அடி இறக்கியது பேராசையால் என்று நான் கருதவில்லை. அவருடைய இடத்தில் இருந்து பார்த்தால் அது சரியான முடிவாகவே தோன்றியிருக்கும். அவர் இறக்காவிட்டால் வேறொருவர் இறக்கியிருப்பார். ஆனால் ஊர்க் கணக்காகப் பார்க்கும்போது, அந்தப் புதிய துளைக்குப் போட்ட பணத்தில் கணிசமான பகுதி புதிய நீரைக் கொண்டுவரவில்லை. மேல்மட்டக் கிணறுகளுக்கு ஊறி வந்துகொண்டிருந்த நீரையே பாறைப் பிளவுகளின் வழியாகக் கீழே இழுத்துக் கைமாற்றியது. பத்துத் தோட்டங்களும் அடுத்தடுத்துத் துளையிட்டால் பத்துக் குடும்பங்கள் கடன் சுமக்கும். பெய்யும் மழையின் அளவோ அப்படியே இருக்கும். நகையை அடகு வைத்துத் துளையிட்டு வெறும் புகையும் புழுதியும் மட்டுமே கண்ட குடும்பங்களை இந்தப் பகுதியில் யாரும் தேடிப்போக வேண்டியதில்லை.

மழையின் கணக்கையும் பார்ப்போம். உங்கள் பகுதியில் ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் மழை என்றும், கடினப் பாறை நிலமாகையால் அதில் பத்து சதவீதம் நிலத்துக்குள் இறங்குகிறது என்றும் கொள்வோம். ஒரு ஏக்கரில் அவ்வாறு சேர்வது சுமார் 2.6 லட்சம் லிட்டர். அதே ஏக்கருக்கு ஒரு தடவை 50 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் பாய்ச்சினால் 2 லட்சம் லிட்டர் செலவாகும். சின்ன வெங்காயத்துக்குப் பத்துத் தண்ணீர் விடுகிறோம் என்றால் 20 லட்சம் லிட்டர். பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி மீண்டும் நிலத்துக்குள் இறங்குவதைக் கழித்துக்கொண்டாலும், ஒரு ஏக்கர் வெங்காயத்துக்கு ஏறக்குறைய ஆறு ஏக்கரில் பெய்த மழையின் சேமிப்பு தேவைப்படுகிறது. மானாவாரியாகக் கிடக்கும் ஐந்து ஏக்கரின் நீரைக் கொண்டே ஒரு ஏக்கர் பாசனம் நடக்கிறது. அந்த மானாவாரிக்காரருக்கு இதற்காக யாரும் எதுவும் கொடுப்பதில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான விடை இதுதான்: தனி ஒருவராக நீங்கள் சிக்கனம் செய்தால் உங்களுக்குத் திரும்பிவருவது குறைவு. பக்கத்தவரும் அதே அளவு குறைப்பார் என்ற உறுதி கிடைக்காத வரையில் சிக்கனம் தியாகமாகவே இருக்கும். தியாகத்தை நம்பிப் பாசனக் கொள்கை வகுக்க முடியாது.

எனினும் நம் நிலத்தின் இயல்பில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 73 சதவீதம் கடினப் பாறை. அதில் நீர் தங்கும் இடைவெளி மிகக் குறைவு. இரண்டு சதவீதம் என்று வைத்தால், 65 மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்கினால் கிணற்றில் மட்டம் பத்து அடிக்கு மேல் ஏறும். பஞ்சாபின் ஆழமான வண்டல் நிலத்தில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த இழப்பைச் சில ஆண்டுகளில் மீட்க முடியாது. நம் ஊரில் மட்டம் விரைவாக இறங்குகிறது, நல்ல மழையில் விரைவாக ஏறவும் செய்கிறது. சேர்ந்து குறைத்தால் அதன் பலன் அடுத்த கோடையிலேயே கிணற்றில் தெரியும். கூட்டு முடிவுக்கு மக்களை இணங்கவைக்க இது பெரிய துணை.

கேள்வி: இலவச மின்சாரத்தை நிறுத்திவிட்டு யூனிட்டுக்கு உரிய விலையை வாங்கினால் நிலத்தடி நீர் தானாகவே காப்பாற்றப்பட்டுவிடாதா? இதை ஏன் எந்த அரசும் செய்வதில்லை? (சென்னை)

விலை ஒரு செய்தியைச் சொல்லும் என்பது உண்மைதான். ஆயிரம் லிட்டர் நீரை நூறு மீட்டர் உயர்த்த, மோட்டாரும் குழாயும் நாற்பது சதவீதத் திறனில் இயங்கினால், ஏறத்தாழ 0.7 யூனிட் வேண்டும். முன்பு சொன்ன ஒரு ஏக்கர் நீர்ப்பாய்ச்சலுக்கு, நீர்மட்டம் 65 அடியில் இருந்தால் 27 யூனிட் அளவில் செலவாகும். 650 அடியில் இருந்தால் 270 யூனிட்டுக்கு மேல் ஆகும். கணக்கின் பொருட்டு யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தால் முன்னதற்கு 190 ரூபாய், பின்னதற்கு 1,900 ரூபாய். இன்று இரண்டு விவசாயிகளுக்குமே அது சுழியம். இறைப்பதற்குச் செலவே இல்லாதபோது, பயிருக்குச் சிறிதளவேனும் பயன்படும் என்ற நிலை வரைக்கும் இறைப்பதே கணக்குப்படி சரியான முடிவாகிவிடுகிறது. மும்முனை மின்சாரம் எப்போது வந்தாலும் மோட்டார் தானே ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் வழக்கமும் இதிலிருந்து வந்ததே.

ஆனால் விலையை மட்டும் போட்டுவிட்டால் போதும் என்ற முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரே இரவில் முழு விலை கேட்கப்பட்டால் முதலில் விழுபவர், ஊரார் அனைவரும் இறைத்ததால் மட்டம் இறங்கிப்போன பகுதியில் சிறு நிலம் வைத்திருப்பவர். தாக்குப்பிடிப்பவர் பணம் உள்ளவர். மேலும், சிறிய கட்டணம் வாங்கினால் பயன்பாடு குறையாது. குறையும் அளவுக்குக் கட்டணம் வாங்கினால் பலர் விவசாயத்தையே விட்டுவிடுவார்கள். தவிரவும் நாம் வாங்கும் தொகை மின்சாரத்துக்கான விலையே; பக்கத்துக் கிணற்றுக்கும் அடுத்த ஆண்டுக்கும் ஏற்படும் இழப்பு அதில் அடங்காது.

அரசுகள் தயங்குவதன் பின்னே ஒரு வரலாறும் இருக்கிறது. யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்த்தியதை எதிர்த்து 1970-இல் கோவைப் பகுதி விவசாயிகள் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் போராடினார்கள். பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1972-இல் கோவை நகரச் சாலைகளை மாட்டுவண்டிகளால் நிறைத்த போராட்டம் பல நாடுகளிலும் பேசப்பட்டது. பின்னர் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமாயிற்று. இன்று 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. விளைபொருளுக்கு நிச்சயமான விலை இல்லாத ஒரு தொழிலில் கிடைத்திருக்கும் ஒரே நிச்சயமான உதவி இது என்று விவசாயி எண்ணும்போது, அதைப் பறிப்பதாகத் தோன்றும் எந்தத் திட்டமும் ஊருக்குள் நுழைய முடியாது.

மற்ற மாநிலங்கள் வேறு வழிகளை முயன்றிருக்கின்றன. குஜராத்தில் 2003 முதல் 2006 வரை ஜோதிகிராம் திட்டத்தின் கீழ் வீட்டு இணைப்புகளுக்கும் பாசன மோட்டார்களுக்கும் தனித்தனி மின்தடங்கள் அமைத்து, விவசாயத்துக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் முழு அழுத்த மின்சாரத்தை அறிவித்த நேரத்தில் கொடுத்தார்கள். மானியச் சுமை குறைந்தது. எனினும் நேரத்தை அளந்து கொடுப்பது நீரை அளந்து கொடுப்பதாகாது. அதே எட்டு மணி நேரத்தில் 15 குதிரைத்திறன் மோட்டார் வைத்திருப்பவர் எடுக்கும் நீரை 5 குதிரைத்திறன் வைத்திருப்பவர் எடுக்க முடியாது. மேற்கு வங்கம் 2007 முதல் பாசன மோட்டார்களுக்கு மீட்டர் பொருத்தியது. ஆனால் அங்கே விவசாயிகள் அதற்கு முன்பே மோட்டாருக்கு இவ்வளவு என்று கனமான மொத்தக் கட்டணம் செலுத்திவந்தார்கள். இலவசத்துக்குப் பழகிய மாநிலத்தில் அந்த அனுபவத்தை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

பஞ்சாபின் அனுபவம் இரண்டு பாடங்களைத் தருகிறது. 2009-இல் கொண்டுவந்த சட்டம் ஜூன் 10-க்கு முன் நெல் நாற்று நடுவதைத் தடைசெய்தது. கடும் கோடையில் ஆவியாகும் நீரை மிச்சப்படுத்துவது அதன் நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அறுவடை பின்னுக்குப் போய், கோதுமை விதைப்புக்கு முன் கிடைக்கும் நாட்கள் சுருங்கியதால், வைக்கோல் எரிப்பு காற்று அசையாத நவம்பர் நாட்களில் குவிந்தது என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். நீரை மட்டும் பார்த்து எழுதிய விதி காற்றில் சிக்கலை உண்டாக்கியது. நெல்லுக்கு உறுதியான கொள்முதல் இருக்கும் வரையில் நடவுத் தேதியை மாற்றினாலும் பயிர் மாறாது என்பதையும் அது காட்டியது.

இரண்டாவது பாடம் எனக்கு நம்பிக்கை அளிப்பது. 2018-இல் அதே மாநிலத்தில் சில மின்தடங்களில், விருப்பமுள்ள விவசாயிகளுக்கு மீட்டர் பொருத்தி, இத்தனை யூனிட் என்று ஓர் அளவை ஒதுக்கி, அதற்குக் குறைவாகப் பயன்படுத்தினால் மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் இலவசம் பறிக்கப்படவில்லை. ஆனால் விவசாயிக்கு நிலத்தில் விட்டுவைக்கும் நீர் முதன்முறையாக ஒரு விலையைப் பெற்றது. இதைத் தமிழ்நாட்டிலும் முயல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மீட்டர் வந்தால் கட்டணம் பின்னாலேயே வரும் என்ற அச்சம் நியாயமானது. ஒதுக்கப்பட்ட அளவுக்கு என்றும் கட்டணம் இல்லை என்பதைச் சட்டமாகவே எழுதிக்கொடுத்தால்தான் அந்த அச்சம் நீங்கும்.

கேள்வி: என் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீர் எனக்குச் சொந்தமா, அரசுக்குச் சொந்தமா? (தாராபுரம்)

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் அடிப்படையில், தன் நிலத்துக்கு அடியில் குறிப்பிட்ட வாய்க்கால் போல் ஓடாமல் இருக்கும் நீரை நில உரிமையாளர் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற நிலைதான் நடைமுறையில் நீடிக்கிறது. நிலம் இல்லாதவருக்கு அந்த நீரில் உரிமை இல்லை. நிலம் உள்ளவருக்கு எடுக்கும் அளவில் வரம்பு இல்லை. தமிழ்நாடு 2003-இல் நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. சட்டம் தேவைதான். ஆனால் லட்சக்கணக்கான கிணறுகளை ஓர் அதிகாரி போய்ப் பார்த்து அனுமதி வழங்கும் முறை ஊழலுக்கும் தாமதத்துக்கும் வழிவிடுமே தவிர நீரைக் காக்காது.

கேள்வி: ஆள் கிடைக்காததால் மூன்று ஏக்கரையும் தென்னையாக்கிவிட்டேன். சொட்டுநீர் போட்டிருக்கிறேன். நான் தண்ணீரை மிச்சப்படுத்துகிறேன் என்று சொல்லலாம் அல்லவா? (ஆனைமலை)

சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் கொடுத்துத் தமிழ்நாடு சொட்டுநீர்ப் பாசனத்தை வளர்த்திருக்கிறது. வேலை ஆள் குறைகிறது, களை குறைகிறது, உரம் வேருக்கே போகிறது. இவை உண்மையான பயன்கள். ஆனால் நிலத்தடி நீர் மிச்சமாகுமா என்பது, மிச்சமான நீரைக் கொண்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முன்பு ஒரு ஏக்கருக்குப் போதுமாக இருந்த நீரை இப்போது இரண்டு ஏக்கருக்கு விட்டால், இறைக்கும் அளவு குறைவதில்லை. வாய்க்கால் பாசனத்தில் கசிந்து மீண்டும் கிணற்றுக்கு வந்த நீரும் நின்றுவிடுகிறது. பல நாடுகளில் இந்த அனுபவம் பதிவாகியிருக்கிறது. மானியம் கொடுக்கும்போதே, பாசனப் பரப்பைக் கூட்டுவதில்லை என்ற நிபந்தனையையும் இறைப்பின் அளவையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

தென்னையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏக்கருக்கு எழுபது மரம், கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் என்றால், நான்கு மாதங்களில் ஏறத்தாழ 6.7 லட்சம் லிட்டர். வெங்காயத்தின் 20 லட்சத்தோடு ஒப்பிட்டால் இது குறைவாகத் தெரியலாம். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் வெங்காயம் வைக்காமல் இருந்துவிடலாம். மரத்துக்குத் தண்ணீர் விடாமல் இருக்க முடியாது. 2016–17 வறட்சியில் டேங்கர் லாரி வைத்துத் தண்ணீர் வாங்கி ஊற்றியவர்களுக்கு இதன் வலி தெரியும். ஊரில் தென்னை பெருகப் பெருக, வறண்ட ஆண்டிலும் குறைக்க முடியாத நீர்த்தேவையின் அளவு பெருகுகிறது. மூன்று ஏக்கரில் ஒன்றையேனும் ஆண்டுப் பயிருக்கு விட்டிருந்தால் உங்கள் கையில் ஒரு பாதுகாப்பு இருந்திருக்கும். ஆள் கிடைக்காத நெருக்கடியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த நெருக்கடிதான் இப்பகுதியின் நீர்த்தேவையை இப்படி மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதைக் கொள்கை வகுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கேள்வி: சூரியசக்தி மோட்டார் வைத்துவிட்டால் இந்த மின்சாரச் சிக்கல் தீருமா? (ஒட்டன்சத்திரம்)

மின்வாரியத்தின் சுமை குறையும். நிலத்தடி நீரைப் பொறுத்தவரையில், பகல் முழுவதும் செலவே இல்லாமல் ஓடக்கூடிய மோட்டார் நிலைமையை மோசமாக்கவும் கூடும். இதற்கு ஒரு நல்ல விடையைக் குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016-இல் சிறு விவசாயிகள் சிலர் கூட்டுறவாகச் செய்துகாட்டினார்கள்: பாசனத்துக்குப் போக மிச்சமான சூரிய மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கே விற்றார்கள். தேவையில்லாமல் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் அந்த ஒரு மணி நேர வருமானம் போகும். எனவே சூரியசக்தி மோட்டாருக்கு மானியம் கொடுப்பதானால், மிச்ச மின்சாரத்தை விவசாயியிடமிருந்து நல்ல விலைக்கு வாங்கும் ஏற்பாட்டோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஊராகச் சேர்ந்து முடிவெடுப்பது பேச நன்றாக இருக்கிறது. எங்கேயாவது நடந்திருக்கிறதா? நாங்கள் இருபது பேர் தயாராக இருக்கிறோம், எதிலிருந்து தொடங்குவது? (காங்கேயம்)

நடந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜார் கிராமத்தில் பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில்லை, அதிக நீர் குடிக்கும் கரும்பு, வாழை போன்ற பயிர்களை வைப்பதில்லை என்று கிராமசபையே முடிவெடுத்து, ஒவ்வோர் ஆண்டும் பெய்த மழையைக் கணக்கிட்டுப் பயிரைத் தீர்மானிக்கிறார்கள். அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் ஏழு வறட்சி மாவட்டங்களில், ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் துணையோடு நடந்த திட்டத்தில் விவசாயிகளே கிணற்று மட்டத்தையும் மழையையும் அளந்து, குளிர்காலச் சாகுபடியான ராபி பருவத்துக்கு முன் ஊர்க் கூட்டத்தில் வரவு செலவை எழுதிப் பார்த்தார்கள். அதில் தடையும் இல்லை, ஊக்கத்தொகையும் இல்லை. கணக்கைக் கண்ணால் பார்த்தபின் பலர் நெல்லைக் குறைத்தார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஷெரிடன் என்ற பகுதியின் விவசாயிகள், 2013 முதல் ஐந்தாண்டுகளுக்கு பாசன நிலத்தின் மேல் மொத்தம் 55 அங்குல உயரத்துக்கு நிற்கும் நீருக்கு மேல் எடுப்பதில்லை என்று தாங்களே முன்மொழிந்து, அரசைக் கொண்டு அதை விதியாக்கிக்கொண்டார்கள். இறைப்பு கால் பங்கு அளவுக்குக் குறைந்தது. விளைச்சல் சற்றுக் குறைந்தாலும் இடுபொருள் செலவும் குறைந்ததால் வருமானம் குறையவில்லை. ஓராண்டுக்கு என்று இல்லாமல் ஐந்தாண்டுக்கு ஒதுக்கியதால் வறண்ட ஆண்டில் கூடுதலாக எடுத்து, மழை ஆண்டில் மிச்சம் பிடிக்க அவர்களால் முடிந்தது.

பொதுவளங்களை மக்களே ஆள முடியும் என்று காட்டியதற்காக 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரமின் முனைவர் பட்ட ஆய்வே லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் நிலத்தடி நீரைப் பற்றியதுதான். யார் யார் எடுக்கிறார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விதியை அதற்குக் கட்டுப்படுபவர்களே வகுக்க வேண்டும். மீறினால் சிறிய அளவிலேனும் தண்டனை வேண்டும் என்பவை அவருடைய நெடிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

நீங்கள் இருபது பேரும் அளப்பதிலிருந்து தொடங்குங்கள். பள்ளிக்கூடத்திலோ கோயில் வளாகத்திலோ ஒரு மழைமானி வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கருக்கு 4,047 லிட்டர் என்பதைச் சுவரில் எழுதிவையுங்கள். உங்களில் எட்டுப் பத்துப் பேரின் திறந்த கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியிலும் கடும் கோடையான மே மாதத்திலும், இரவு முழுவதும் மோட்டார் ஓடாத விடியற்காலையில், கயிற்றை விட்டு மட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் விழும் குழாயின் கீழே இருநூறு லிட்டர் பேரலை வைத்து அது நிறையும் நேரத்தைப் பார்த்தால் மணிக்கு எவ்வளவு வருகிறது என்பது தெரிந்துவிடும். ஓடிய மணி நேரத்தால் பெருக்கினால் இறைப்பின் அளவு கிடைக்கும். முதல் ஆண்டு யாரையும் குறைக்கச் சொல்ல வேண்டாம். இருபது தோட்டத்தின் எண்களையும் ஒரே பலகையில் பெயரோடு எழுதி, தை மாதத்தில் கோடைப் பயிரை முடிவு செய்வதற்கு முன் எல்லோரும் அதன் முன்னால் ஒருமுறை உட்காருங்கள். மானாவாரிக்காரர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் நிலத்தில் விழுந்த மழையும் அந்தப் பலகையில் இருக்கிறது.